கலர் காட்டும் பல்பு

"டீச்சர், எந்த பல்பு நல்ல பல்பு?"

பலவேசம் கேட்டார்.

ஜெபக்கனி கேமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்.

"நல்லா கலர் காட்டுதது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், அண்ணாச்சி. போய் வாங்கிட்டு வாங்க."

வழக்கமான கதைகளில் குருவுக்குத் தாடி இருக்கும். இந்தக் குருவுக்குக் கொண்டையில் குத்திய பேனா இருக்கும். குருவுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதனால்தான் குரு சீடரை அண்ணாச்சி என்கிறாள்.

உடன்குடி கடைத்தெருவில் இருக்கிறது ஜெபக்கனியின் ஸ்டுடியோ. பலவேசம் அதே தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். மகன் தலையெடுத்ததும் கடையை அவனிடம் விட்டார். மறுநாள் காலையிலேயே ஸ்டுடியோ படியேறி, தனக்குப் போட்டோ பிடிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று நின்றார்.

இந்த வயதில் எதற்கு என்று ஜெபக்கனி கேட்டாள்.

"ஒரே ஒரு போட்டோ எடுக்கணும், டீச்சர். எம் பொண்டாட்டிய."

"கூட்டிட்டு வாங்க, நானே எடுத்துத் தாரேன்."

"அவ யாருக்கும் நிக்க மாட்டா."

சொன்னது பொய்யில்லை. அவர் மனைவி சந்தனமாரி கல்யாணத்தன்று ஒருமுறை கேமராவுக்கு முன்னால் நின்றாள். அந்தப் போட்டோக்காரர் அவள் முகத்தில் பவுடரை அப்பி, இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் அவள்மேல் கொட்டி எடுத்தார். படம் வந்தபோது பலவேசத்துக்குப் பக்கத்தில் மைதா மாவில் புரட்டியெடுத்தது மாதிரி யாரோ நின்றார்கள்.

சந்தனமாரி படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாளாம்.

"இவுகளுக்குப் பக்கத்துல நிக்கது யாரு?"

அதோடு சரி. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் கேமரா வெளியே வந்ததும் அவளுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும். சொந்த மகன் கல்யாண ஆல்பத்தில் அவளுடைய முழங்கை ஒன்று இருக்கிறது. கூடவே பட்டுச்சேலை முந்தி கொஞ்சம்.

பலவேசம் கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் சம்மதம் வாங்கியிருந்தார்.

"நீங்களே எடுத்தா வாரேன். ஒரே ஒரு தடவ. அதுலயும் நான் இல்லன்னா, சாகுத வரைக்கும் என்னய இதுக்குக் கூப்பிடக் கூடாது."

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள்.

அந்த வாரம் பார்த்துத்தான் பல்பு போனது.

ஸ்டுடியோவில் இரண்டு விளக்குகள். நாற்காலிக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டுக்கும் முன்னால் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். வலப்பக்கத்து பல்பு டப்பென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கறுத்துப்போனது. அது இல்லாமல் எடுத்தால் பாதி முகம் இருட்டில் போய்விடும்.

எடுக்கப்போவது நீங்கள்தானே, வெளிச்சத்தையும் நீங்களே பார்த்து வாங்குங்கள் என்று ஜெபக்கனி சொல்லிவிட்டாள். அதிலிருந்து பிறந்ததுதான் அந்தக் கேள்வி.

பலவேசம் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினார்.

மீரான் என்பவர் அங்கே எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார். ஒரு நீளப் பலகையில் ஹோல்டர்களை வரிசையாக அடித்து, கேட்பவர்களுக்கு பல்பை எரியவிட்டுக் காட்டுவார். கலர் நன்றாகக் காட்ட வேண்டும் என்று பலவேசம் சொன்னதும், அவர் யோசிக்காமல் ஒன்றை எடுத்து மாட்டினார்.

பளிச்சென்று எரிந்தது. மீரான் வெயிலில் அலைந்து கறுத்த மனிதர். அந்த வெளிச்சத்தில் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

"இதுக்குக் கீழ நின்னா எல்லாரும் கலர்தான், அண்ணாச்சி."

பலவேசத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பஸ்ஸில் வழியெல்லாம் பல்பைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

ஜெபக்கனி அதை வலப்பக்க விளக்கில் மாட்டி எரியவிட்டாள். பார்த்தாள்.

"சாப்பிட்டீயளா, அண்ணாச்சி?"

இல்லை என்றார்.

அவள் தன் தூக்குவாளியைத் திறந்து, நாற்காலிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, தட்டில் சோறு வைத்தாள். சாம்பார் ஊற்றினாள். பீட்ரூட் பொரியலும் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாயும் வைத்தாள். புது பல்பின் வெளிச்சம் நேராகத் தட்டில் விழுந்தது.

"சாப்பிடுங்க."

பலவேசம் கையைக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. சாம்பார் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. பீட்ரூட் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஊறுகாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"டீச்சர், இது நேத்து வச்சதா?"

ஜெபக்கனி அந்த விளக்கை அணைத்தாள். இடப்பக்கத்துப் பழைய விளக்கைப் போட்டாள்.

சாம்பார் சாம்பாரானது. பீட்ரூட் சிவந்தது. ஊறுகாயைப் பார்த்ததும் வாயில் எச்சில் ஊறியது.

"இப்ப?"

"இது இன்னைக்கு வச்சது."

"சாப்பிடுங்க."

கை கழுவிவிட்டு வந்த பலவேசத்துக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"நீங்கதான டீச்சர் சொன்னீய, கலர் காட்டணும்னு? இது எல்லாரையும் கலராத்தான காட்டுது."

ஜெபக்கனி சிரித்த சிரிப்பில் கொண்டையில் இருந்த பேனா கீழே விழுந்தது.

அவர்மேல் குற்றம் சொல்லி என்ன செய்ய? நம் ஊரில் கலர் குடிக்கிறீர்களா என்றால் சோடாக் கடைக்குப் போவோம். பொண்ணு கலரா என்றால் வெள்ளையா என்று அர்த்தம். வானவில்லில் ஏழு இருந்து என்ன, ஆளைப் பார்க்கும்போது நமக்கு ஒரே கலர்தான் கலர்.

பலவேசம் திரும்பவும் மீரான் கடைக்குப் போனார். இந்த முறை, சோறு சோறாகத் தெரிய வேண்டும் என்று கேட்டார்.

மீரான் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மிட்டாய்க் கடைக்காரர்கள் விரும்பி வாங்குவது என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எரியவிட்டதும் கடையே பொன்னாகிவிட்டது. இதற்குக் கீழே எதை வைத்தாலும் தின்னலாம் என்று பலவேசத்துக்குத் தோன்றியது. வாங்கிவிட்டார்.

ஜெபக்கனி அதையும் மாட்டினாள். இரண்டு விளக்கையும் போட்டாள்.

"உக்காருங்க."

நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள்.

பலவேசம் குனிந்து பார்த்தார். மூக்கு நடுவில் இருந்தது. இடது கன்னம் அவருடையதாகத்தான் இருந்தது. வலது கன்னத்தில் யாரோ மஞ்சளை அரைத்துப் பூசியிருந்தார்கள்.

"இதுல எந்தக் கன்னம் உங்களுது?"

"ரெண்டும்தான்."

"பாத்தா அப்படித் தெரியலயே."

அவர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பழசு ஒன்றும் புதுசு ஒன்றும் சேராது, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றாள் ஜெபக்கனி. பலவேசத்துக்கு மனசு கேட்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் அல்லவா, ஓடுகிற சாமானைக் கழற்றிப் போடுவது அவருக்குப் பழக்கமில்லை.

"இடப்பக்கத்து பல்பு நல்லாத்தான எரியுது?"

"செருப்புல ஒண்ணு அறுந்தா ஒத்தச் செருப்பு வாங்குவீயளோ?"

பேசாமல் எழுந்துபோய் அதைக் கழற்றப் போனார். வெறுங்கையால் தொட்டு, சுட்டுக்கொண்டு, கையை உதறினார். ஜெபக்கனி ஒரு துண்டை எடுத்து வீசினாள். அந்த மாதிரி ஹாலஜன் பல்பை ஆறின பிறகும் விரலால் தொடக் கூடாது என்றாள். விரலின் எண்ணெய்ப்பசை எங்கே படுகிறதோ அந்த இடத்தில்தான் அது வெடிக்குமாம்.

பலவேசம் துண்டால் பிடித்துக் கழற்றினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது ஞாபகம் வந்தது. அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

"டீச்சர், நீங்களே ஒரு பேரச் சொல்லிருங்க. எத்தன வாட்டு, என்ன கம்பெனின்னு சொன்னா நான் கண்ண மூடிட்டு வாங்கிட்டு வந்துருதேன்."

"வாட்டு ஹோல்டர்லயே போட்டிருக்கு. அதத் தாண்டாதீங்க, உருகிரும். அடிப்பக்கம் மரையாணி மாதிரித் திருகுத பல்பா இருக்கணும். இதெல்லாம் கடைக்காரரே சொல்லிருவாரு."

"மத்தது?"

ஜெபக்கனி பதிலுக்கு ஒன்று கேட்டாள்.

"உங்க வீட்டம்மா என்ன கலர்?"

"மாநிறம், டீச்சர்."

மாநிறம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் பெரிய மனசுக்காரராக இருக்க வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அதைச் சொல்லிவிட்டால் போதும், ஊரில் பாதிப் பேர் அதற்குள் அடங்கிவிடுவார்கள்.

"மாநிறம்னா?"

"கொஞ்சம் கலர் கம்மி."

"எங்க கம்மி? நெத்தியிலயா, கன்னத்துலயா, காதுலயா?"

பலவேசம் யோசித்தார். இத்தனை வருஷம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறார். அவளோடு சண்டை போட்டிருக்கிறார், காய்ச்சலில் அவள் மடியில் படுத்திருக்கிறார். அவள் நெற்றி என்ன நிறம் என்று கேட்டால் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு வந்து சொல்லுங்க," என்றாள் ஜெபக்கனி.

மறுநாள் காலை சந்தனமாரி வீட்டுக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பலவேசம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்ன பாக்கீய?"

"சும்மாதான்."

"காப்பி வேணுமா?"

"இரு, பிறகு குடிச்சிக்கிடுதேன்."

அவள் இரண்டு கொத்து உருவினாள். கை நின்றது.

"எதும் தப்புத்தண்டா பண்ணிட்டு வந்திருக்கீயளா?"

இல்லை என்று தலையாட்டினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

நெற்றியில் செம்பு கலந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு கூடுதல். கன்னத்து மேட்டில் அந்தக் கறுப்புக்கு உள்ளேயிருந்து ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது. வெயில் பின்பக்கம் பட்டபோது காதுமடல் ரோஜா நிறமாகியது. அவர் பார்ப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அத்தனையும் மாறியது.

கம்மி என்று சொன்னோமே, எங்கே கம்மி என்று தேடினார். ஒரு இடத்திலும் இல்லை.

சந்தனமாரி எழுந்துபோய்க் காப்பிக்குக் கருப்பட்டி எடுத்து வந்து அங்கேயே வைத்துத் தட்டினாள். அது இரண்டாக உடைந்தது. உடைந்த இடத்தில் வெயில் விழுந்தது. கறுப்பும் சிவப்பும் செம்புமாக, லேசான மினுமினுப்போடு.

பலவேசம் கருப்பட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இதை அவளிடம் சொல்லக் கூடாது என்று தீர்மானித்தார். எந்தப் பெண்டாட்டியும் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

காப்பி வந்தது. குடித்தார். இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்ததற்கு யாரிடம் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து அவரும் உருவ ஆரம்பித்தார்.

பிறகு பஸ் ஏறினார்.

மீரான் கடை வாசலில் வெயில் இருந்தது. பலவேசம் அதில் நின்று கருப்பட்டியைப் பார்த்தார். உள்ளே போய், பலகையில் எரிந்த பல்புக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். மறுபடி வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, காப்பிக் கடை எதுத்தாப்புல இருக்கு," என்றார் மீரான்.

"ஒவ்வொண்ணா மாட்டுங்க, பாய்."

அவர் ஒவ்வொன்றாக மாட்டினார். முதல்நாள் வாங்கிய பளிச் பல்புக்குக் கீழே கருப்பட்டி அடுப்புக்கரி. மிட்டாய்க் கடை பல்புக்குக் கீழே அது வெல்லம் என்று பொய் சொன்னது. இன்னொன்றில் பாசி பிடித்தது. கடைக்கு வந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கருப்பட்டிக்கு ஜாதகம் பார்க்கிறாரா என்று ஒருவர் கேட்டார்.

கடைசியில் மீரான் பின்தட்டிலிருந்து, அதிகம் பேர் கேட்காத ஒன்றைத் தூசி தட்டி எடுத்து மாட்டினார்.

கருப்பட்டி கருப்பட்டியாக இருந்தது. உடைந்த இடத்துச் சிவப்பு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது.

"இதுல ஒரு ஜோடி குடுங்க."

"இது யாரையும் கலராக் காட்டாதே, அண்ணாச்சி."

"அதனாலதான் கேக்கேன்."

ஸ்டுடியோவுக்கு வந்தபோது ஜெபக்கனி வாசலில் நின்றாள்.

"என்ன கலர்?"

பலவேசம் சட்டைப் பையிலிருந்து கருப்பட்டியை எடுத்தார். ஒட்டியிருந்த எறும்பை ஊதினார். அவள் உள்ளங்கையில் வைத்தார்.

ஜெபக்கனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

"டீச்சர், அது—"

"பல்ப மாட்டுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை சந்தனமாரி வந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தாள். வீட்டில் உடுத்துகிற நூல்சேலைதான். முகத்தில் மட்டும் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. பயத்தில் அள்ளிப் பூசியிருக்கிறாள் என்று பலவேசத்துக்குப் புரிந்தது.

ஜெபக்கனி பலவேசத்தைப் பார்த்தாள். கதவுப் பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.

"மாரி, மொகத்தக் கழுவிட்டு வா."

"பவுடர் இல்லாமயா? கறுப்பா விழுமே."

"விழட்டும். எனக்காகக் கழுவிட்டு வா."

கல்யாணம் ஆனதிலிருந்து இப்படி ஒன்றை அவர் கேட்டதில்லை. அவள் உள்ளே போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முந்தியால் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பலவேசம் இரண்டு விளக்கையும் போட்டார்.

பின்வாசல் வெயிலில் பார்த்த முகம் அங்கே இருந்தது. செம்பு இருந்தது. கன்னத்துச் சிவப்பு இருந்தது. நனைந்த காதுமடல்கூட அப்படியே இருந்தது. பலவேசத்துக்குக் கண் கலங்கியது. கதவுப் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப் போனார். ஜெபக்கனி, அந்தப் பக்கம் பாருங்கள் என்று விரலை நாற்காலிப் பக்கம் நீட்டினாள்.

திரும்பினார். எடுத்தார்.

ஒரே ஒரு படம்.

கம்ப்யூட்டரில் அது பெரிதாக வந்தது. சந்தனமாரி எழுந்து வந்து அதற்கு முன்னால் நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பலவேசம் கேமராவை மார்போடு பிடித்துக்கொண்டார். எல்லாம் போயிற்று, இனி இவளைக் கூப்பிடவே முடியாது என்று நினைத்தார்.

அவள் கையை நீட்டினாள். திரையில் தெரிந்த கன்னத்தைப் புறங்கையால் தொட்டாள்.

"அம்மா," என்றாள்.

இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

"எங்கம்மா. அப்படியே இருக்கா."

பலவேசம் அந்த அம்மாவைப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு வெகு காலம் முன்பே இறந்துபோனவள். எப்படி இருப்பாள் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூடச் சந்தனமாரி பிறந்த வீட்டில் கிடையாது.

சந்தனமாரி திரும்பினாள். கேமராவைப் பிடித்திருந்த அவர் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"அவளுக்கு ஒரு படம்கூட இல்லன்னு இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேனே."